மடத்துக்குள் போனால் மகள் கல்லாகிவிடுவாளா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். அவருடைய இளைய மகளுக்கு 26 வயது. பல்கலைக்கழகப் படிப்பு முடித்து நல்ல வேலையில் இருக்கிறாள். ஓராண்டாக ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையின் சகோதரிகளோடு பழகிவந்தவள், இப்போது அங்கேயே சேர்ந்துவிட விரும்புகிறாள். “உள்ளே போய்விட்டால் அவள் எங்கள் பிள்ளையாக இருப்பாளா? சிரிப்பாளா, கோபப்படுவாளா, எங்களை நினைத்து அழுவாளா? இல்லை, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு கல்லாகிவிடுவாளா? மடத்துக்குள் சண்டை சச்சரவு நடக்கும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை?”

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சண்டை நடக்கும். கோபம் வரும், மனத்தாங்கல் வரும், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் உண்டு. உங்களைப் பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பாவின் தங்கை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கன்னியர் சபையில் வாழ்ந்தவர். வீட்டில் அவரை நாங்கள் ‘சிஸ்டர் அத்தை’ என்றே கூப்பிடுவோம். வேலையிலிருந்து நின்ற பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அந்த மடத்துக்குப் போய், வயதான சகோதரிகளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பேன், காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு மருந்து கட்டுவேன். கட்டுப் பிரித்துக் கட்டும் அரைமணி நேரத்தில் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். நான் சொல்லப்போவதில் பாதி அப்படிக் கேட்டது, மீதி அத்தையிடம் கேட்டது.

மடத்துச் சண்டையைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புனித அகுஸ்தீன். அவர் ஆயராக (பிஷப்பாக) இருந்த வட ஆப்பிரிக்க ஊரான ஹிப்போவில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அவருடைய உடன்பிறந்த சகோதரியே அதை நடத்தியவர். அவர் இறந்த பிறகு வந்த தலைவியை ஏற்க மாட்டோம் என்று சகோதரிகள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் கண்டித்தும் அமைதிப்படுத்தியும் அகுஸ்தீன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அது. அந்தக் கடிதத்தோடு சேர்ந்து வந்திருக்கும் ஒழுங்குகளைப் படித்தால் நம் பக்கத்து வீட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும். பொதுவில் இருந்து எடுத்துக் கொடுத்த உடை முன்பு உடுத்தியதைவிட மட்டமாக இருக்கிறது என்று முணுமுணுக்காதீர்கள் என்கிறார். சண்டையே போடாதீர்கள், போட்டால் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்கிறார். இன்றும் எத்தனையோ சபைகள் அகுஸ்தீனின் ஒழுங்கைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன. தேவதைகளுக்கு எழுதிய சட்டமாக இருந்தால் அதில் சட்டைத்துணியைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது.

சண்டை ஏன் வருகிறது என்பதை அத்தை எனக்கு விளக்கியிருக்கிறார். நாம் திருமணம் செய்துகொள்பவரை ஓரளவு பார்த்துத்தான் செய்துகொள்கிறோம். நண்பர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். வீவக அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மடத்தில் எந்த வீட்டில் யாரோடு வாழ்வது என்பதைச் சபைத் தலைவி முடிவு செய்கிறார். வேறு நாட்டிலிருந்து, வேறு மொழியிலிருந்து, வேறு அடுப்பங்கரையிலிருந்து வந்த பெண் உங்கள் பக்கத்து நாற்காலியில் பத்தாண்டு உட்காருவார். அத்தை இருந்த வீட்டில் ஒரு காலத்தில் தியோசூ குடும்பத்திலிருந்து வந்தவர், யூரேசியர், அயர்லாந்துக்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், என் அத்தை என்று ஐந்து பேர். ஒருவருக்குக் காலையில் வெறும் கஞ்சி வேண்டும். ஒருவருக்குப் பெலாச்சான் வாடை வந்தால் தலைவலி வந்துவிடும். அத்தைக்குக் கடைசியில் தயிர்சாதம் இல்லாவிட்டால் சாப்பிட்டது போலவே இருக்காது. ஜன்னலைத் திறந்து வைப்பதா, மின்விசிறியை எத்தனையில் வைப்பது, குளிர்பதனப் பெட்டியில் டுரியான் வைக்கலாமா, இதெல்லாம்தான் சண்டை. பெரிய இறையியல் விவாதம் ஒன்றும் இல்லை. சின்ன விஷயம் என்று நாம் சொல்வோம். வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரும் வசதி நமக்கு இருப்பதால் நமக்கு அது சின்ன விஷயம்.

இப்போது அந்த மீதிப் பாதி.

அத்தைக்கும் சமையலறைப் பொறுப்பில் இருந்த சகோதரி ஒருவருக்கும் ஒருமுறை பேச்சு முற்றிவிட்டது. காரணம் உப்பு. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் அந்தச் சகோதரி வீட்டுக்கே உப்பைக் குறைத்துவிட்டார். அத்தை மேசையில், எல்லோர் முன்னாலும், ‘இது சாப்பாடா?’ என்று கேட்டுவிட்டார். சமைத்தவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் சிற்றாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஏனென்றால் இடம் மாறாது. திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும். கைகொடுத்தே ஆக வேண்டும். இதை அத்தை எனக்குச் சொன்னபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். “முதல் நாள் கையை மட்டும் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் கை சில்லென்று இருந்தது. காய்ச்சலா என்று பார்க்க நிமிர்ந்தேன். பார்த்த பிறகு என்ன செய்வது?” என்றார்.

அன்று காலை பசியாறும்போது அத்தை அந்தச் சகோதரிக்கு இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாராம். மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டேன். “தேநீர் கொடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

நாம் குடும்பங்களில் ஒரு சொல்லுக்காகப் பத்தாண்டு பேசாமல் இருக்கிறோம், அம்மா. அண்ணன் தம்பி ஒரே புளோக்கில் இருந்துகொண்டு மின்தூக்கியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, என் குடும்பத்திலேயே நடந்தது. மடத்தில் கோபம் நம்மைவிடக் குறைவாக வருவதில்லை. அந்தக் கோபம் கெட்டியாக விடாமல் நாள்தோறும் தட்டி எழுப்பும் ஏற்பாடு அங்கே இருக்கிறது: மாறாத இருக்கை, மாறாத நேரம், பெயர் எழுதி ஒட்டிய பாத்திரம் கழுவும் முறை, இரவு ஜெபத்துக்கு முன் அன்றைய நாளை மனத்தில் ஓட்டிப் பார்க்கும் சில நிமிட மௌனம்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்போங் பாருவில் 1929இல் எழுந்த ஆலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பிரான்சின் லிசியே நகர் கார்மல் மடத்தில் வாழ்ந்து 1897இல் 24 வயதில் இறந்தவர். கையில் ரோஜாப்பூக்களோடு படத்தில் பார்க்கிறோம். அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் எழுதிவைத்ததில் ரோஜாவைவிட அழுக்குத் தண்ணீர் எனக்கு அதிகம் பிடிக்கும். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரேசாளின் முகத்தில் தெறிக்குமாம். தியான நேரத்தில் பின்னால் உட்கார்ந்த இன்னொருவர் விசித்திரமான ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பாராம். அதைப் பொறுத்துக்கொள்ள முயன்றதில் தனக்கு வியர்த்துப் போனது என்று எழுதியிருக்கிறார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் அந்தச் சகோதரி நிறுத்தியிருப்பார். அந்தப் பார்வையைப் பார்க்காமல் இருந்ததுதான் அவருடைய போராட்டம். இயல்பாகவே பிடிக்காத ஒரு சகோதரியிடம் அவர் மிகுந்த அன்பாக நடந்துகொள்ள, ‘என்னிடம் உங்களுக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது?’ என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டாராம். திருச்சபை இந்தப் பெண்ணை 1925இல் புனிதராக உயர்த்தியது. 1997இல், திருச்சபைக்கே ஆசிரியர் என்று பொருள்படும் மறைவல்லுநர் பட்டமும் கொடுத்தது. அழுக்குத் தண்ணீரும் சத்தமும் பிடிக்காத முகமும்தான் அவருடைய பாடசாலை.

நம் தமிழிலும் துறவிகள் உணர்ச்சி வற்றியவர்களாக இல்லை. கவுந்தியடிகளை நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனோடும் கண்ணகியோடும் நடந்த சமணப் பெண் துறவி. வழியில் இருவர் அந்தத் தம்பதியை இழிவாகப் பேசியதும் நரியாகப் போகும்படி சபித்துவிடுகிறார். பிறகு கோவலனும் கண்ணகியும் இரங்கிக் கேட்டதும் 12 மாதத்தில் சாபம் தீரும் என்கிறார். மதுரையில் கண்ணகியை ஓர் ஆயர்குல மூதாட்டியிடம் தாய்போல் ஒப்படைக்கிறார். கடைசியில் கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டு உண்ணாமல் இருந்தே உயிர்விடுகிறார். சமயம் வேறுதான். ஆனாலும் துறந்தவருக்கு வருகிற கோபத்தையும் பாசத்தையும் நம் முன்னோர்கள் குறையாக மறைத்து வைக்கவில்லை.

சிங்கப்பூரில் கன்னியர் வாழ்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. குழந்தை இயேசு சபையின் சகோதரிகள் 1854 பிப்ரவரியில் மதர் மத்தில்து ரக்லோ தலைமையில் வந்து இறங்கினார்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் அவர்கள் தொடங்கிய கன்னியர் மடம் பள்ளியாகவும் அநாதை இல்லமாகவும் வளர்ந்தது. அதன் வாசல் ஒன்றில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே இருந்தவர்கள் எடுத்து வளர்த்தார்கள். 1983இல் பள்ளி தோ பாயோவுக்குப் போய்விட, அந்தக் கட்டடங்கள் இன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களாக இருக்கின்றன. கனோசா சபைச் சகோதரிகள் 1894இல் வந்தார்கள். பிரான்சிஸ்கன் சபைச் சகோதரிகள் 1949இல் வந்து டான் டோக் செங் மருத்துவமனையில் காசநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1961இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். நல்லாயன் சபையைச் சேர்ந்த சிஸ்டர் ஜெரார்ட் ஃபெர்னாண்டஸ் மரண தண்டனைக் கைதிகள் 18 பேரோடு அவர்களுடைய கடைசி நாள்வரை உடனிருந்தவர். 2019இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இவையெல்லாம் வெளியே தெரிகிற வேலை. நான் ஒரு தாதியாகக் கேட்கிறேன்: அப்படிப்பட்ட வேலையிலிருந்து மாலையில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தால், அவருக்கும் முதுகு வலிக்கும் அல்லவா? வார்டில் குழந்தை இறந்துபோன நாளில் நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர்களும் யாரிடமாவது எரிந்து விழுவார்கள். அவருக்காகச் சாப்பாட்டைத் தட்டு வைத்து மூடிவைத்திருக்கும் இன்னொரு சகோதரிதான் அதை வாங்கிக்கொள்வார்.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். சபைக்குச் சபை மாறும், அத்தையின் வீட்டைச் சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுவார்கள். திருப்புகழ்மாலை, தியானம், திருப்பலி. பிறகு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ போகிறவர்கள் எம்ஆர்டியிலும் பஸ்ஸிலும் நம்மைப் போலவே நெரிசலில் போவார்கள். மாலை ஜெபம், இரவுச் சாப்பாடு, பிறகு எல்லோரும் கூடிப் பேசும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் விளையாட்டாக வந்ததில்லை. அவிலா நகர்ப் புனித தெரேசாள் 16ஆம் நூற்றாண்டில் கார்மல் மடங்களைச் சீர்திருத்தியபோது, அவ்வளவு மௌனமான வாழ்வுக்கு நடுவிலும் சேர்ந்து சிரித்துப் பேசும் நேரத்தை ஒழுங்காகவே வைத்தார். சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று தம் சகோதரிகளுக்குச் சொன்னவரும் அவரே. அத்தையின் வீட்டில் அந்த நேரத்தில் சீட்டு விளையாடுவார்கள், செய்தி பார்ப்பார்கள், ஒருவர் பின்னுவார், ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். என் மகளின் திருமணப் புகைப்படங்களை அந்த மேசையில் பரப்பியபோது மாப்பிள்ளையின் அக்காள் கட்டியிருந்த சேலையைப் பற்றி அவர்கள் பேசியது எங்கள் வீட்டில் பேசியதைவிட அதிகம்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) கொடுத்தவர் சம்பாதிப்பது சபைக்குச் சேரும்; ஓய்வூதியம் வந்தாலும் அப்படித்தான், அது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. தேவைப்படுவதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதில், பட்டம் பெற்ற ஒரு பெண், புதுக் காலணி வேண்டும் என்று போய்க் கேட்பது எளிதில்லை. அது உறுத்தும் என்று பல சகோதரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகள் இப்போது கை நிறையச் சம்பாதிப்பவள் என்றால், கற்பு வார்த்தைப்பாட்டைவிட இதுதான் முதலில் கடினமாகத் தெரியலாம்.

துணிகளுக்கு எண் உண்டு. ஒரே சலவையில் எல்லோருடைய துணியும் போவதால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அத்தையின் எண் 37. அவருடைய கைக்குட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளைப் பருத்தி, ஓரம் நைந்துபோனது. மூலையில் சிவப்பு நூலில் 37 என்று தைத்திருக்கிறது. மூன்று நேராக இருக்கிறது, ஏழு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஏழின் வால் மட்டும் வேறு சிவப்பு. முதல் நூல் அறுந்தபோது யாரோ திருப்பித் தைத்திருக்கிறார்கள். அத்தைக்குக் கடைசி ஆறேழு ஆண்டுகள் கண் சரியாகத் தெரியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. அந்த வாலைத் தைத்தது யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. சலவையிலிருந்து வந்தபோது அப்படியே வந்தது என்றார்.

எல்லாம் இனிப்பாக இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். அத்தை சேர்ந்த 1960களின் தொடக்கத்தில் ஒழுங்குகள் கடுமையாக இருந்தன. சொந்தப் பெயரை விட்டுப் புதுப்பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரோடு மட்டும் நெருங்கிப் பழகினால் கண்டிப்பார்கள், அதைத் தனிநட்பு என்று தவறாகவே பார்த்தார்கள். எல்லோர் முன்னாலும் முழந்தாளிட்டு, உடைத்த தட்டு முதல் பேசிய பேச்சு வரை தன் தவறுகளைச் சொல்ல வேண்டும். தாத்தா இறந்தபோது அத்தை ஆலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் இன்னொரு சகோதரியோடு நின்றார். வீட்டுக்கு வர அனுமதி இல்லை. பாட்டி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அப்பா சொல்வார். அந்தக் காயம் அத்தைக்குக் கடைசிவரை இருந்தது. அதை அவர் தியாகம் என்று பூசி மெழுகியதில்லை. “அது தவறு. அப்போது அது தவறு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை” என்றுதான் சொன்னார்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற வாழ்வைப் புதுப்பிக்கச் சொல்லி ஆணை வெளியிட்ட பிறகு நிறைய மாறியது. பலர் திருமுழுக்குப் பெயருக்கே திரும்பினார்கள். சிலர் முக்காட்டை விட்டார்கள், சிலர் வைத்துக்கொண்டார்கள். பெற்றோர் நோயுற்றால் போய்ப் பார்த்துக்கொள்ளும் வழி வந்தது. பாட்டி படுத்த படுக்கையானபோது அத்தை இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டார். பாட்டிக்குச் சோறு ஊட்டும்போது அத்தை சிஸ்டராக இல்லை, அதட்டி ஊட்டும் மகளாகத்தான் இருந்தார். இன்று பெரும்பாலான பணிச் சபைகளில் கைப்பேசி உண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்பும் சகோதரிகளும் உண்டு. ஆனால் உங்கள் மகள் போக நினைப்பது வெளியே வராமல் ஜெபத்திலேயே வாழும் கார்மல் போன்ற மடம் என்றால் கணக்கு வேறு. அங்கே நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் குறித்த நாட்களில். எந்த வகைச் சபை என்பதை முதலில் அவளிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டான பக்கமும் உண்டு, அதை உங்களிடம் மறைத்தால் நான் உண்மையாகப் பதில் சொன்னவள் ஆகமாட்டேன். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தும் தலைவிகள் இருந்திருக்கிறார்கள். குருக்களால் சகோதரிகள் துன்புறுத்தப்பட்டதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சகோதரி தன் மனச்சாட்சியைத் தன்னிடம் திறந்து காட்ட வேண்டும் என்று எந்தத் தலைவியும் வற்புறுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. சொல்லவேண்டிய தேவை இருந்ததால்தான் சொல்கிறது. உங்கள் மகள் சேரப்போகும் வீட்டில் சகோதரிகள் தலைவியின் முன்னால் மாற்றுக்கருத்துச் சொல்கிறார்களா, அவர் அறைக்குள் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு உங்களை அழைக்கச் சொல்லுங்கள். மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டின் வாடையை நம்மால் பிடிக்க முடியாதா என்ன?

ஒரே நாளில் கதவு சாத்திவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் காலம். பிறகு நவகன்னியர் பயிற்சி, குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்தில் எந்த நாளும் அவள் வெளியே வரலாம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, மூன்றிலிருந்து ஆறு ஆண்டு. தேவைப்பட்டால் மொத்தம் ஒன்பது ஆண்டுவரை நீட்டலாம். தவணை முடியும்போது புதுப்பிக்காமல் போகவும் அவளுக்கு உரிமை உண்டு. இவ்வளவுக்கும் பிறகுதான் நிரந்தர வார்த்தைப்பாடு. நம் வீடுகளில் நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் நடுவில் எவ்வளவு மாதம் விடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவேளை அவள் இடையில் திரும்பி வந்தால், தயவுசெய்து அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அப்படித் திரும்பி வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். உறவினர் பேச்சுக்குப் பயந்து ஈராண்டு ஞாயிறு திருப்பலிக்கு வேறு ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு ஒன்று. அவள் கல்லாகிவிடுவாளோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். கல்லாக்குவது பெரும்பாலும் மடம் இல்லை, நாம்தான். ஒரு பெண் அந்த உடையைப் போட்டதும் நாம் அவரைப் பீடத்தில் ஏற்றிவிடுகிறோம். எனக்காக ஜெபியுங்கள் சிஸ்டர் என்று நம் பாரத்தையெல்லாம் இறக்கி வைக்கிறோம். அவருக்கு முட்டி வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, இந்த ஆண்டு இடமாற்றம் வந்ததில் மனம் சோர்ந்திருக்கிறாரா என்று கேட்பதில்லை. கேட்டாலும் ‘உங்களுக்கென்ன சிஸ்டர், கடவுள் இருக்கிறார்’ என்று நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த முதிய சகோதரிகளில் ஒருவர் மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். “எல்லோரும் என்னிடம் தங்கள் நோயைச் சொல்லத்தான் வருவார்கள், என் நோயை யாரிடம் சொல்வதென்று பழக்கமில்லை” என்றார். அந்தப் பதில் இன்றும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அவரிடம் போய்த் தங்கள் நோயைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் உங்கள் மகள் போனால், அவளிடம் ஜெபம் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். வீட்டுச் செய்தியை வடிகட்டாமல் சொல்லுங்கள். தம்பிக்கு வேலை போனதையும் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதையும் அவளிடம் மறைத்தால்தான் அவள் அந்நியமாகிப் போவாள். அவள் அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ள விடுங்கள். உடனே திரும்பி வந்துவிடு என்றும் சொல்லாதீர்கள், பொறுத்துக்கொள் என்றும் சொல்லாதீர்கள். நம் மகள் மாமியார் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது கேட்பதுபோல் கேளுங்கள். அவள் அழுவாளா என்று கேட்டீர்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் அழுவாள். அத்தை, அறுபது வயதிலும், டிசம்பர் மாதத்தில் பாட்டி செய்யும் அச்சுமுறுக்கைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் அத்தைக்கு இரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. மாத்திரையை மாற்றிப் பார்த்தோம், சாப்பாட்டை மாற்றிப் பார்த்தோம். ஒருநாள் அவருக்கு ஜெபப் புத்தகம் எடுத்துக் கொடுக்க அலமாரியைத் திறந்தேன். புத்தகங்களுக்குப் பின்னால் தேக்காவில் வாங்கிய எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டில், பாதிக்கு மேல் காலி. பழைய மாணவி ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். அத்தை என் முகத்தையே பார்க்கவில்லை. வாசலில் வீட்டுத் தலைவியான மதர் நின்றுகொண்டிருந்தார், அவரும் பார்த்துவிட்டார். சீனப் பெண்மணி, அத்தையைவிட இருபது வயது இளையவர். ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. அத்தையின் தட்டில் ஒரு துண்டு, சின்னத் துண்டு, மதர் தாமே எடுத்து வைத்தார். பிறகு மற்றவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள், வாயில் வைத்து முகம் சுளித்தவர்கள் உட்பட. இரத்த அழுத்தம் இரண்டு வாரத்தில் இறங்கியது.

ஆகையால் உங்கள் மகளைப் பார்க்கப் போகும்போது ஊறுகாய் கொண்டுபோங்கள். அவள் பெயரை எழுத வேண்டாம், எப்படியும் பொது மேசைக்குத்தான் போகும். பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள்.